பதினான்காவது கேள்வி

அத்தியாயம் 19

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். சன்னலை ஒட்டிய கட்டிலில், மூன்று தலையணைகளில் சாய்ந்தபடி, லிஃப்ட் மெக்கானிக்கான அண்ணன். கால்மாட்டில், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணி; பேக்கரிக் கடையிலிருந்து நேரே வந்ததால் கடையின் அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. சுவரோரம், வேறு நாற்காலி இல்லாததால் சக்கர நாற்காலியில், தங்கை. கதவுக்குப் பக்கத்தில், குப்பைக் கூடைக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நடுவே கிடந்த ஸ்டூலில், தங்கைக்கும் இளையவனான தம்பி. அந்த இடத்தை அவனேதான் தேர்ந்தெடுத்தான். யாராவது முகம் சுளித்தால் வெளியே போக இரண்டு எட்டு போதும்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் எதிர்க் கட்டிலில் இருந்த தையல்காரம்மாவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தானே தைத்த பூப்போட்ட துணித் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு, வார்டு நர்ஸ் ஒருத்தியின் சட்டையில் பித்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்காது. பார்க்க மட்டும் முடியும்.

அண்ணனுக்கு வயிற்றில் தொடங்கிய புற்றுநோய் கல்லீரலுக்குப் போய்விட்டது. ஆறு சுற்று கீமோவுக்குப் பிறகு கட்டி நான்கு மாதம் சும்மா இருந்தது. பிறகு விட்ட இடத்திலிருந்து வளர ஆரம்பித்தது. விரல் நுனிகள் மரத்துப்போனதுதான் மிச்சம். இனி வேறு கீமோ, கூடவே உடம்பின் காவல்படையைத் தட்டி எழுப்பும் ஊசி. இந்த இரண்டும் எல்லோருக்கும் கொடுப்பதுதான். மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துப் பார்க்கும் ஆய்வு ஒன்று அந்த ஆஸ்பத்திரியில் நடந்தது.

ஆரோக்கியமான ஒருவரின் மலத்தை எடுத்து, கரைத்து, வடிகட்டி, உறைய வைத்து, அதிலிருக்கும் குடல் கிருமிகளைக் கேப்சூலில் அடைத்து நோயாளிக்குக் கொடுப்பது. குடலில் நல்ல கிருமிகள் குடியிருந்தால் அந்த ஊசி சிலருக்குக் கூடுதலாக வேலை செய்கிறது என்று சின்னச் சின்ன ஆய்வுகள் சொல்கின்றனவாம். குணமாகும் என்று சொல்ல மாட்டேன், பலன் கூடுமா என்று பார்க்கிறோம், அவ்வளவுதான் என்று ஆய்வு டாக்டரம்மா முதல் நாளே பூசி மெழுகாமல் சொல்லியிருந்தார்.

தானம் கொடுக்க வந்த நாற்பத்தொரு பேரில் தேறியவர்கள் இரண்டு பேர். முதல் ஆளுடையது தீர்ந்துவிட்டது. இரண்டாவது ஆள், அண்ணனோடு பதினோரு வருடமாகப் பேசாத தம்பி. பெயரை வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையோடு அவனைக் கூட்டிவந்தவள் தங்கை. போன வாரம் நர்ஸ் வாய்தவறிச் சொன்னதில் அந்த ரகசியம் உடைந்து, இன்றைக்குத் தம்பி முதல்முறையாக அண்ணன் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

மூன்றரை மணிக்கு ஃப்ரீசரிலிருந்து கேப்சூல்கள் கிளம்பும். முப்பது அண்ணனுக்கு. ஐந்து மணிக்கு, தம்பி கொடுத்ததிலிருந்து தயாரித்த அதே தொகுப்பில் இன்னொரு முப்பது தையல்காரம்மாவுக்கு.

மணி அப்போது ஒன்றரை. அண்ணன்தான் சன்னலைப் பார்த்தபடி ஆரம்பித்தார்.

"பதினோரு வருஷமா வாயைத் திறக்காதவன், என் லெட்டருக்கு இப்பத்தான் பதில் அனுப்பியிருக்கான். அதுவும் எந்த வழியா அனுப்பியிருக்கான் பாரு."

அண்ணி முதலில் முறைத்தாள், பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தங்கை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பிக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. இருபத்தொரு நாள் காலை ஆறு மணி பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்ததையும், பக்கத்து சீட்டுக்காரர் தினமும் "என்ன, வீட்டுச் சாப்பாடா?" என்று விசாரித்ததையும் சொன்னான். சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தான்.

அண்ணனின் சிரிப்பு அங்கே நின்றது.

முப்பது வருடம் லிஃப்ட் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்த கண். எங்கே ஒரு திருகாணி குறைகிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும்.

"இங்க வா. வாயைத் திற."

தம்பி சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தான்.

"கீழ்வரிசையில கடைவாய்ப் பல்லு எங்கடா?"

"அது... பிடுங்கிட்டாங்க."

"எப்ப?"

"மூணு மாசம் இருக்கும்."

"வீங்கியிருந்துச்சா?"

தம்பி தங்கையைப் பார்த்தான். தங்கை சக்கர நாற்காலியின் பிரேக்கைப் பார்த்தாள்.

"மாத்திரை குடுத்தாங்களா?"

"ஏழு நாளைக்கு."

கீமோ தொடங்கும் முன் அண்ணனுக்கும் இரண்டு பல்லைப் பிடுங்கி இதே ஏழு நாள் கொடுத்திருந்தார்கள். அவர் தலையணைக்கு அடியிலிருந்து ஆய்வுப் புத்தகத்தை எடுத்தார். லிஃப்ட் கையேடு மாதிரி அதை நாலு தடவை படித்து, ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். தானம் தருபவரிடம் கேட்கப்படும் அறுபத்திரண்டு கேள்விகளும் அதில் இருந்தன. பதினான்காவதை விரலால் தொட்டு உரக்கப் படித்தார்: கடந்த ஆறு மாதங்களில் ஆன்டிபயாடிக் மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டீர்களா?

"இதுக்கு என்ன டிக் போட்டிருக்கே?"

தம்பி ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னான்.

"இல்லைன்னு."

அண்ணனுக்குக் கோபம் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஆச்சரியமே படாமல் தலையணையில் சாய்ந்துகொண்டார்.

"மறுபடியும் அட்டையில டிக்கு."

அந்த வார்த்தைக்குப் பின்னால் இருப்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காக: அண்ணனும் தம்பியும் ஒரே கம்பெனியில் லிஃப்ட் பராமரிப்பில் இருந்தவர்கள். ஒரு நாள் தம்பி மேலே ஏறிப் பார்க்காமலே பிரேக்கைச் சோதித்ததாக அட்டையில் டிக் போட்டான். மறு வாரம் அந்த லிஃப்ட் ஒன்றரை மாடி சரிந்து, துப்புரவு வேலை செய்யும் பெண்மணி ஒருவருக்கு இடுப்பெலும்பு உடைந்தது. யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். அண்ணன்தான் கம்பெனிக்குக் கடிதம் கொடுத்தார். தம்பியின் வேலை போனது. இப்போது அவன் பார்சல் குடோனில் எடை போடுகிறான்.

தம்பி மெதுவாக வாதாடினான். தன் ரத்தத்தையும் மற்றதையும் மூன்று தடவை சோதித்தார்கள், மூன்று தடவையும் சுத்தம் என்றார்கள், பிறகென்ன என்றான். அண்ணன், டெஸ்ட் தான் தேடுவதைத்தான் கண்டுபிடிக்கும், தேடாததற்குத்தான் கேள்வி வைத்திருக்கிறார்கள் என்றார். அந்த மாத்திரை நல்லதையும் சேர்த்துக் கொன்றுவிட்டுப் போகும். எந்த மருந்துக்கும் அடங்காத முரட்டுக் கிருமி ஏதாவது தப்பித்து உட்கார்ந்திருக்கலாம். தெம்பாக இருப்பவன் உடம்பில் அது சும்மா கிடக்கும். கிருமியை எதிர்க்கும் வெள்ளையணு குறைந்தவர் உடம்பில் கிடக்காது. இதெல்லாம் டாக்டரம்மா சொன்னதுதான். ஆனால் அண்ணன் சொன்னபோது பழைய மேஸ்திரி குரல் திரும்பியிருந்தது.

"எனக்கு வந்தா வந்துட்டுப் போகுது. எதிர்க் கட்டில் அந்தம்மாவுக்குப் போன வாரம் வெள்ளையணு எவ்வளவுன்னு தெரியுமா உனக்கு?"

நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டதில், டாக்டரம்மா ஆபரேஷன் தியேட்டரில், நாலு மணிக்குத்தான் வெளியே வருவார் என்று தெரிந்தது. ஆய்வு சம்பந்தமாக எது சொல்வதானாலும் கையெழுத்தோடு காகிதத்தில்தான் கொடுக்க வேண்டும். அடுத்த கட்டடத்தில் ஆய்வு அலுவலகம் இருக்கிறது, நர்ஸ் மேஜையருகே இருக்கும் காற்றுக் குழாயில் உருளைக்குள் வைத்துப் போட்டால் ஒரு நிமிடத்தில் போய்விடும். சொல்லிவிட்டு நர்ஸ் போய்விட்டாள். என்ன விஷயம் என்று அவள் கேட்கவில்லை. அண்ணி கேட்கும்படி விடவுமில்லை.

நர்ஸ் போனதும் அண்ணி கதவைச் சாத்தினாள்.

எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று விரல் மடக்கிச் சொன்னாள். தொகுப்பு முழுவதையும் கொட்டிவிடுவார்கள். வேறு ஆள் கிடையாது. ஊசி நாளைக்கே ஆரம்பிக்கிறது, அதற்குப் பிறகு இந்த ஆய்வில் இவருக்கு இடமில்லை. ஊசியும் கீமோவும் கிடைக்கும், எல்லோருக்கும் கிடைப்பது. அந்த எல்லோரும் எப்படிப் போனார்கள் என்று இந்த வார்டில் ஐந்து மாதமாகப் பார்த்தவள் அவள்.

"டாக்டர் கேக்கல. டெஸ்ட்டு சரியா வந்துருக்கு. நீங்க பாட்டுக்கு முழுங்குங்க."

"அந்தம்மா?"

"அந்தம்மாவைப் பார்த்துக்க அந்தம்மா வீட்டுல ஆள் இருக்கும்."

சொல்லும்போதே அவள் கண் கண்ணாடிப் பக்கம் போய்விட்டது. தையல்காரம்மா நிமிர்ந்து பார்த்து, ஊசி பிடித்த கையை ஆட்டினார். அண்ணியின் ஸ்வெட்டரில் மேலிருந்து இரண்டாவது பித்தான் முந்தாநாள் அவர் தைத்துக் கொடுத்தது. அண்ணி அந்தப் பித்தானைக் கையால் மூடிக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பினாள்.

"உங்க நேர்மையால இந்த வீட்டுல யாரு நல்லாயிருந்தாங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க, கேக்கறேன்."

அண்ணன் நிஜமாகவே யோசித்தார்.

"யாரும் இல்ல," என்றார். பிறகு தங்கையிடம், "தபாலு, பேப்பரை எடு."

தங்கைக்கு அந்தப் பெயர் வந்தது அலுவலகத்தில். காப்பீட்டுக் கம்பெனியில் தபால் பிரிவு. இருபத்திரண்டு வருடமாக வருவதைப் பதிந்து, போவதை ஒட்டி அனுப்பும் வேலை. கைப்பையில் எப்போதும் ஆறு வெள்ளைத் தாள், நாலு உறை, சிவப்புப் பென்சில், ஒரு பசைக் குச்சி. இந்தக் குடும்பத்தில் யார் எதை எழுத வேண்டுமானாலும் அவள்தான் எழுதுவாள். எழுதுகிற கைக்குப் பொறுப்பு கிடையாது, சொன்னவருக்கும் கையெழுத்துப் போட்டவருக்கும்தான் என்பது அவள் பிழைப்பின் அஸ்திவாரம்.

அண்ணன் சொல்லச் சொல்ல எழுதினாள். தேதி, கட்டில் எண், ஆய்வு எண். "எனக்குத் தானம் கொடுத்த என் தம்பி, படிவத்தின் பதினான்காவது கேள்விக்கு உண்மைக்கு மாறாகப் பதில் அளித்திருக்கிறான்."

"அளித்திருக்கிறான்" என்பதை எழுதி முடித்தபோது அவளுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது. இல்லை, ஒன்றரை மணியிலிருந்தே ஞாபகத்தில்தான் இருந்தது.

ஆறு வாரத்துக்கு முன், குடோனில் எடைமேடைக்குப் பக்கத்தில், தம்பியின் சாப்பாட்டு இடைவேளை. கேள்விகளைப் படித்தவள் அவள். பேனாவும் அவள் கையில். ஒன்று முதல் பதிமூன்று வரை அவன் "இல்ல, இல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தான். பதினான்கைப் படித்தபோது லாரி ஒன்று பின்னோக்கி வந்தது. அவன் லாரியைப் பார்த்தான், பதில் சொல்லவில்லை. அவள் இரண்டு விநாடி பொறுத்தாள். பிறகு தானே "இல்லை"யில் டிக் போட்டுவிட்டுப் பதினைந்துக்குப் போய்விட்டாள். பல் பிடுங்கிய வாரம் அவன் வீட்டுக்குப் போயிருந்தாள். கன்னத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு ரொட்டியைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தவள். மேஜைமேல் மாத்திரை அட்டை இருந்ததா என்றால், இருந்தது. அந்த டிக் போடும்போது அதை மறந்திருந்தாளா, மறந்துவிட முடிவுசெய்தாளா? அவளிடம் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

ஸ்டூலில் இருந்தவனுக்கு எல்லாம் தெரியும். அவன் வாயைத் திறக்கவில்லை.

அண்ணன் மரத்த விரல்களுக்கு நடுவே பேனாவைச் செருகி, ஒவ்வொரு எழுத்தாக இழுத்துக் கையெழுத்துப் போட்டார். தங்கை வாங்கும் முன் அண்ணி தாளைப் பறித்து, நான்காக மடித்து, கழுத்து அட்டையின் உறைக்குள் செருகிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் அந்த அறையில் நடந்தது பேச்சா மௌனமா என்று சொல்வது கஷ்டம். அண்ணி பாத்திரத்தைக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள். தம்பி இரண்டு தடவை எழுந்து இரண்டு தடவையும் உட்கார்ந்தான். எதிர்க் கட்டிலை யாரும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு நாலு பேருமே சிரமப்பட்டார்கள்.

கடைசியில் அண்ணன், முழுங்கினால் எத்தனை மாதம் கூடும் என்று யாரும் சொல்லவில்லை, முழுங்காவிட்டால் எத்தனை குறையும் என்றும் சொல்லவில்லை, தெரியாத ஒன்றுக்காக ஏன் இப்படி அடித்துக்கொள்கிறாய் என்று கேட்டார்.

"அந்தத் தெரியாததுதான் என் கையில இருந்துச்சு," என்றாள் அண்ணி. "வேற என்ன இருக்கு எனக்கு?"

அண்ணன் ஆய்வுப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் திரும்பச் செருகினார். அண்ணி அட்டைக்குள்ளிருந்து தாளை உருவித் தங்கையின் மடியில் போட்டாள்.

"கொண்டு போ. இந்த வீட்டுக்கு இன்னொரு லெட்டர். உங்க அண்ணனுக்கு நீ எழுதிக் குடு, எழுதிக் குடுத்துக்கிட்டே இரு. நானும் என் பிள்ளைங்களும் படிச்சுக்கிட்டே இருக்கோம்."

தங்கை வெளியே வந்தாள். தம்பியும் பின்னாலேயே வந்தான். குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் அவளை நிறுத்தினான்.

"டிக் போட்டது நான்தான்னு இருக்கட்டும் அக்கா. எனக்குப் பழக்கம். அண்ணனுக்கும் பழக்கம்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"வேலை போன அன்னிக்கு மேனேஜர் அந்த லெட்டரை மேஜைமேல வெச்சாரு. கையெழுத்து அண்ணனோடது. எழுத்து உன்னோடது. என் பள்ளிக்கூடத்து லீவு லெட்டர்லேர்ந்து கல்யாணப் பத்திரிகை விலாசம் வரைக்கும் நீ எழுதினதுதானே, எனக்குத் தெரியாதா?"

தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. தங்கை அதை இறுக்கி மூடினாள். மூடியும் சொட்டியது.

"பதினோரு வருஷமா ஏண்டா கேக்கல?"

"ரெண்டு பேரையும் விட்டுட்டா நான் யாரு வீட்டுக்குப் போறது?"

அவன் அதை உரக்கச் சொல்லவில்லை. குடோனில் எடை சொல்கிற குரல்தான். சொல்லிவிட்டு அறைப் பக்கம் திரும்பாமல், படிக்கட்டுப் பக்கம் நடந்தான். லிஃப்ட் இருந்தும் அவன் அதில் ஏறுவதில்லை.

நர்ஸ் மேஜையில் கடிதத்தை விரித்தாள் தங்கை. உறையில் போடும் முன் எழுத்துப் பிழை பார்ப்பது பழக்கம். பிழை எதுவும் இல்லை. அண்ணனின் கையெழுத்துக்குக் கீழே நாலு விரல் இடம் இருந்தது. பேனாவைத் திறந்து எழுதினாள்.

"மேற்படி கேள்விக்கு டிக் போட்டது என் தம்பி அல்ல. கேள்வியைப் படித்தவளும் டிக் போட்டவளும் நான். அவன் பதில் சொல்லவில்லை. பதில் என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது."

கீழே தன் பெயரைப் போட்டாள். இத்தனை வருடத்தில் ஆயிரக்கணக்கான கடிதம் எழுதியவள் அவள்; அலுவலகப் பதிவேட்டுக்கு வெளியே சொந்தப் பெயர் போட்ட கடிதங்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

பழக்கதோஷத்தில் நேரம் குறித்துக்கொள்ள நிமிர்ந்தாள். கடிகாரத்துக்குக் கீழே, திறந்த கதவு வழியாக, எதிர்க் கட்டில் தெரிந்தது. போர்வை மடித்து வைத்திருந்தது. தலையணைமேல் பாதிக் காஜா எடுத்த சட்டை. அதில் ஊசி குத்தியபடி நின்றது.

"தையல்காரம்மா எங்க?"

"அவங்களை மேல கூட்டிட்டுப் போயாச்சே," என்றாள் நர்ஸ். "உங்க அண்ணன் ரூம் கதவு சாத்தியிருந்துச்சா, ஏதோ குடும்பப் பேச்சுன்னு நினைச்சோம். சரி, அவங்களை முதல்ல முடிச்சுடலாம்னு மாத்தி விட்டாங்க. கேப்சூல் டப்பாவும் அப்பவே எடுத்தாச்சு. கால் மணி நேரம் ஆகியிருக்கும்."

தங்கை மேலே மருந்து கொடுக்கும் அறைக்குப் போன் பண்ணச் சொன்னாள். நர்ஸ் பண்ணினாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மருந்து கொடுக்கும் நேரத்தில் யாரும் போன் எடுக்க மாட்டார்கள், வெளியாளை உள்ளே விடவும் மாட்டார்கள், ஆனால் அங்கேயும் காற்றுக் குழாய் போகிறது, அதில் ஏதாவது வந்து விழுந்தால் மணி அடிக்கும், உடனே எடுத்துப் பார்த்தாக வேண்டும் என்றாள் நர்ஸ்.

தங்கை தாளை மூன்றாக மடித்து உறையில் இட்டாள். ஓரத்தில் பசைக் குச்சியை ஒரே இழுப்பாக இழுத்து, கட்டைவிரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அழுத்தினாள். முகப்பில் சிவப்புப் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு, அதன்மேல் "அவசரம்". இருபத்திரண்டு வருட வேலை அது.

உறையை உருளைக்குள் நுழைத்து, மூடியைத் திருகி, குழாயின் வாயில் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். காற்று அதைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. கூரைக்குள் ஏறி, காலிக் கட்டிலுக்கு மேலே தடதடவென்று அது ஓடும் சத்தம் கேட்டது.

மணி மூன்று பத்து.